சிறு பொருளில் பெருங் கல்வி

நாள்தோறும் கையாளும் பொருள்களை நாம் உற்று நோக்குவதில்லை. குவளையின் பிடி விரலுக்கு இசைவாக அமைந்திருப்பதும், கெண்டியின் மூக்கிலிருந்து தேநீர் சிந்தாமல் விழுவதும் தாமே நிகழ்ந்தவை போலத் தோன்றுகின்றன. உண்மை அதுவன்று. யாரோ ஒருவர் எண்ணி, வரைந்து, செய்து, குறை கண்டு, மீண்டும் செய்து பார்த்ததன் பயனே அந்த இசைவு.

முற்காலத்தில் இவ்வேலையைக் குயவரும் தச்சரும் கன்னாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தனர். எண்ணியவரே செய்தார், செய்தவரே விற்றார், குறை கண்டவர் பட்டறை வாயிலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆலைத் தொழில் பெருகியபின் இந்நிலை மாறிற்று. வடிவத்தை முடிவு செய்பவர் ஒருவர். எந்திரத்தை இயக்குபவர் மற்றொருவர். பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரோ கடல் கடந்த ஊரில் வாழும் வேறொருவர். குயவர் கையில் நேர்ந்த பிழை ஒரு பானையோடு நின்றது. ஆலையில் நேரும் பிழையோ பதினாயிரம் பானைகளில் பதிந்து விடுகிறது.

ஆகவே ஆலைக்குமுன் நின்று எண்ணிப் பார்க்கும் ஒரு புதிய தொழில் தோன்ற வேண்டியதாயிற்று. அதனைத் தொழிற்பொருள் வடிவமைப்பு என்கிறோம். இத்தொழிலை எவ்வாறு கற்பிப்பது? இக்கேள்விக்கு விடை காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பல நாடுகளில் பல ஆசிரியர்கள் தேடிக் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: மாணவன் கையில் ஒரு சிறு பொருளைக் கொடு, அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவனே நடத்திச் செல்லட்டும். இவ்விடை படிப்படியாக உருவான வரலாறு ஆசிரியர் உலகம் அறியத் தக்கது.

வரைபடத்தோடு நின்ற கல்வி

1837ஆம் ஆண்டில் இலண்டனில் அரசாங்க வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு நாட்டுப் பொருள்கள் அழகால் சந்தையில் முந்திச் செல்வதைக் கண்ட ஆங்கிலேயரின் கவலையே அப்பள்ளி தோன்றக் காரணம். அங்கே முதலிடம் பெற்றது வரைதல். பழைய அணிவேலைப்பாடுகளைப் பார்த்து வரைவதில் மாணவர் தேர்ச்சி பெற்றனர். ஆனால் அவ்வணிகள் எப்பொருளின்மேல் அமரப் போகின்றன, அப்பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது என்பன அவர்களுக்குத் தொலைவிலேயே நின்றன.

இக்குறை 1851ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. இலண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை எழுப்பி நடத்திய மாபெரும் பொருட்காட்சியை அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். எந்திரங்களின் ஆற்றலை எல்லோரும் மெச்சினர். எந்திரம் செய்த பொருள்களின் வடிவத்தைக் கண்ட அறிஞர் சிலரோ வருந்தினர். எப்பொருளிலும் பூவும் கொடியும் மண்டிக் கிடந்தன. பொருளின் பயன் ஒருபுறம், அதன் தோற்றம் மறுபுறம் என இரண்டும் பகைத்து நின்றன.

அக்காட்சியை நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி கோல். அவரே 1846இல் பீலிக்ஸ் சம்மர்லி என்னும் புனைபெயரில் தேநீர்க் கலத்தொகுதி ஒன்றை வடிவமைத்தவர். மின்டன் பீங்கான் ஆலையார் அதனைச் செய்தனர். கலைக் கழகத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஒரு சிறு பொருளை ஆலையோடு சேர்ந்து உருவாக்கிய பட்டறிவு அவருக்கு இருந்தது. ஆயினும் நாட்டுக்கென அவர் காலத்தில் வகுத்த கலைப் பாடத்திட்டமோ 23 படிகளைக் கொண்டதாய், கோடு வரைதலில் தொடங்கிற்று. தாம் கற்ற வழி ஒன்றாகவும், பிறர்க்கு வகுத்த வழி வேறாகவும் அமைந்துவிட்டது. கல்வி வரலாற்றில் இத்தகைய முரண் புதிதன்று.

மாஸ்கோவில் பிறந்த பயிற்சி முறை

வரைபடக் கல்விக்கு நேர்மாறான முறை ஒன்று ரஷ்யாவில் தோன்றியது. மாஸ்கோ ஏகாதிபத்தியத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்டர் டெல்லா வோஸ். பொறியியல் மாணவர் பட்டறை வேலையும் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் பழைய குருகுல முறையில் ஒருவர் அருகில் ஒருவர் நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கற்பதற்குக் காலம் போதாது. எனவே 1868ஆம் ஆண்டு முதல் அவர் தொழில்களைப் பகுத்து ஆராயும் முறையைக் கையாண்டார்.

மொழியாசிரியர் சொல்லை எழுத்தாகப் பிரித்துக் கற்பிப்பது போல, அவர் தச்சு வேலையையும் கடைசல் வேலையையும் உலைக்கள வேலையையும் சிறுசிறு செயல்களாகப் பிரித்தார். அறுத்தல், இழைத்தல், துளைத்தல், பொருத்துதல், அராவுதல் என ஒவ்வொன்றும் தனிப் பயிற்சியாயிற்று. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடமும் தனிக் கருவிகளும் கிடைத்தன. ஓர் ஆசிரியர் பலருக்கு ஒருங்கே கற்பிக்க இயன்றது. 1873இல் வியன்னாவிலும் 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் நடந்த பொருட்காட்சிகளில் இப்பயிற்சித் துண்டுகள் வைக்கப்பட்டன. அவற்றைப் பிலடெல்பியாவில் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள் அம்முறையைத் தம் நாட்டில் பரப்ப முனைந்தார்.

இதன் நன்மை பெரிது. கைவேலைக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதனை வகுப்பறையில் முறையாகக் கற்பிக்கலாம் என்பதை டெல்லா வோஸ் நிலைநாட்டினார். ஆனால் மாணவன் செய்து முடித்த துண்டுகள் எதற்கும் பயன்படுவன அல்ல. மரமும் மரமும் பொருந்தும் மூட்டு இருக்கும்; அம்மூட்டு தாங்கும் நாற்காலி இராது. எழுத்தெல்லாம் கற்றுவிட்டு ஒரு கடிதமும் எழுதாதவன் நிலையே அம்மாணவன் நிலை.

நேஸ் பண்ணையில் முழுப் பொருள்

அக்கடிதத்தை எழுதச் சொன்னவர்கள் வடநாட்டு ஆசிரியர்கள். பின்லாந்தின் தொடக்கக் கல்வியை உருவாக்கிய ஊனோ சிக்னேயஸ், பெஸ்தலோசி, பிரோபெல் ஆகியோரின் கருத்துகளில் தோய்ந்தவர். அவர் முயற்சியால் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்நாட்டுப் பள்ளிகளில் கைவேலை பொதுக் கல்வியின் பகுதியாக இடம்பெற்றது. அவர் வழியைச் சுவீடனில் விரிவாக்கியவர் ஓட்டோ சாலமன். 1849இல் பிறந்து 1907இல் மறைந்த இவர், தம் மாமன் ஆகஸ்ட் ஆபிரகாம்சனுக்கு உரிய நேஸ் என்னும் பண்ணையில் ஆசிரியப் பயிற்சிக் கழகம் ஒன்றை 1875ஆம் ஆண்டு முதல் நடத்தினார். கோதன்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள அவ்விடத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பயின்றனர். அக்கல்விமுறைக்கு ஸ்லாய்டு என்று பெயர்.

சாலமன் பாடத்தைப் பயிற்சித் துண்டுகளாக அமைக்கவில்லை. முழுப் பொருள்களின் வரிசையாக அமைத்தார். முதல் கருவி நாட்டுப்புறச் சிறுவர் யாவரும் அறிந்த கத்தி. முதற் பொருள்களோ எழுத்தைச் சுட்டும் சிறு கோல், பூச்செடிக்கு ஊன்றும் குச்சி போன்றவை. பின்னர்க் கரண்டி, கருவிகளுக்குரிய கைப்பிடி எனப் பொருள்கள் படிப்படியாகக் கடினமாயின. வீட்டுக்குப் பயன்படாத ஆடம்பரப் பொருளுக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஒரு பொருளைத் தொடங்கிய மாணவனே அதனை முடிக்க வேண்டும். ஆசிரியர் கை அதில் படலாகாது.

இம்முறையின் உட்கருத்து மேலும் சிறப்புடையது. நேஸ் கழகம் தச்சரை உருவாக்க முற்படவில்லை. உடலுழைப்பை மதிக்கும் மனம், தன் காலில் நிற்கும் துணிவு, ஒழுங்கு, கூர்ந்த கவனம், வடிவத்தை உணரும் கண் ஆகியவையே சாலமன் நாடிய பயன்கள். அதனால்தான் இப்பாடத்தைக் கைவினைஞரிடம் விடாமல் பயிற்சி பெற்ற ஆசிரியரே கற்பிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். உழைப்பாளியின் மகனுக்குக் கைவேலை, செல்வர் மகனுக்கு ஏட்டுக் கல்வி என்று பிரித்து வைத்திருந்த உலகில், எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும் என்பது சிறிய கூற்றன்று.

எனினும் நேஸ் முறையிலும் ஒரு படி குறைந்திருந்தது. கரண்டியின் வடிவம் முன்னரே முடிவானது. மாணவன் அதனைப் பிழையின்றிச் செய்தான். ஆனால் கரண்டி ஏன் அவ்வாறு வளைந்திருக்க வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு அவனுக்கு மிகுதியாக இல்லை. துண்டு முழுமையாயிற்று, எண்ணம் இன்னும் ஆசிரியரிடமே இருந்தது.

சென்னையில் ஒரு புதிய உலோகம்

ஐரோப்பாவில் இவை நிகழ்ந்த காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒரு கலைப்பள்ளி இதே கேள்வியைச் சந்தித்தது. டாக்டர் அலெக்சாந்தர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி அது. அங்கே பொறுப்பேற்ற பொறியியல் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் 1898ஆம் ஆண்டில் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். செம்பிலும் பித்தளையிலும் கைதேர்ந்த கன்னார் மரபின் திறமை அதற்குத் துணை நின்றது.

புதிய உலோகம் வந்ததும் பழைய வடிவங்கள் கேள்விக்கு உள்ளாகின்றன. அலுமினியம் எடை குறைந்தது. பித்தளைக்குப் போல ஈயம் பூச வேண்டியதில்லை. ஆனால் தகடு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்? அடி எவ்வாறு அமைந்தால் அடுப்பில் நெளியாது? புளியும் உப்பும் அதனை எவ்வாறு தாக்கும்? சமையலறையில் நாள்தோறும் புழங்கும் பாத்திரமே இக்கேள்விகளுக்குத் தேர்வுக் களம். முயற்சி கைகூடியது, 1903இல் அத்தொழில் தனியார் நிறுவனமான இந்திய அலுமினியக் கம்பெனியின் கைக்கு மாறியது.

இது மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே வடிவமைப்புக் கற்ற கதை அன்று. ஆயினும் ஒரு பள்ளியின் பட்டறையில் பிறந்த சிறு பொருள் நாடு தழுவிய தொழிலாக வளரலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அதனாலேயே எதிர்ப்பும் எழுந்தது. அரசாங்கப் பணத்தில் தொழில் நடத்துவது தனியார் வாணிகத்தில் தலையிடுவதாகும் என்று ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். 1910இல் இந்திய மந்திரி மார்லி பிரபு விடுத்த ஆணை, புதிய முறைகளைக் கற்பிக்க அரசாங்கம் செலவிடலாம், வாணிக முயற்சியில் இறங்கலாகாது என எல்லை வகுத்தது. பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே கோடு எங்கே என்னும் கேள்வி, பத்தாண்டு கழித்து ஜெர்மனியிலும் எழுந்தது.

பாகவுஸ் பள்ளியின் தேநீர்க் கெண்டி

முதல் உலகப்போர் முடிந்த மறுஆண்டு, 1919இல், வைமர் நகரில் கட்டடக் கலைஞர் வால்ட்டர் கிரோப்பியஸ் பாகவுஸ் பள்ளியைத் தொடங்கினார். ஒவ்வொரு பட்டறைக்கும் இருவர் ஆசிரியர். ஒருவர் வடிவம் கற்பிக்கும் கலைஞர், மற்றவர் தொழில் கற்பிக்கும் கைவினைஞர். எண்ணமும் கையும் பிரிந்துபோன பிணக்கை ஒரே அறையில் இருவரை நிறுத்தித் தீர்க்கும் முயற்சி அது.

பட்டறைக்குள் நுழையுமுன் மாணவர் முன்னிலைப் பயிற்சி ஒன்றைப் பெற்றனர். அதனை முதலில் ஜொகானஸ் இட்டனும், 1923 முதல் மொகோலி நாஜ், ஜோசப் ஆல்பெர்ஸ் ஆகியோரும் நடத்தினர். ஆல்பெர்ஸ் வகுப்பில் மாணவர் கைக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வரவில்லை. பழைய செய்தித்தாளே வந்தது. அதனை வீணாக்காமல், அதன் இயல்பு தெரியுமாறு ஏதேனும் செய்க என்பதே கட்டளை. கோட்டையும் விலங்கும் செய்தவர்களைவிட, தாளை எளிதாக மடித்து அதனைத் தானே நிற்கச் செய்த மாணவனின் வேலையையே அவர் பாராட்டினார் என்று அவ்வகுப்பில் இருந்த ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். படுத்துக் கிடக்கும் இயல்புடைய தாள் மடிப்பினால் வலிமை பெற்று நிற்கிறது. அந்த மடிப்பு ஒன்றே பாடம்.

1924ஆம் ஆண்டில் உலோகப் பட்டறையில் மரியன் பிராண்ட் என்னும் பெண் சேர்ந்தார். அக்காலத்தில் பெண்களை நெசவுப் பட்டறைக்கு அனுப்புவதே அப்பள்ளியின் வழக்கம். உலோகப் பட்டறையில் அவரை எவரும் உவந்து வரவேற்கவில்லை. சலிப்பூட்டும் வேலைகளே அவர்க்கு ஒதுக்கப்பட்டன. எளிதில் உடையும் உலோகத் தகட்டில் சிறுசிறு அரைக்கோளங்களைப் பொறுமையோடு தட்டித் தட்டிச் செய்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டில் அவர் செய்த தேநீர்க் கெண்டி இன்று உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளது. உயரம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். உடல் ஓர் அரைக்கோளம். குறுக்கிட்ட இரு பட்டைகள் அதனைத் தாங்குகின்றன. அளவு இவ்வளவு சிறிதானதற்குக் காரணம் உண்டு. இக்கெண்டியில் ஊறுவது கடுஞ்சாறு. குவளையில் வெந்நீர் கலந்து அவரவர் சுவைக்கேற்ப இளக்கிக் கொள்ளலாம். மூடி நடுவில் இல்லாமல் ஒருபுறம் தள்ளி அமைந்திருப்பதால் ஊற்றும்போது தேநீர் அதன் வழியே கசிவதில்லை. கருங்காலி மரப்பிடி உயரத்தில் நிற்பதால் ஊற்றுவது எளிது. உலோகச் சூடும் கையை எட்டாது. கெண்டிக்குள்ளேயே வடிகட்டியும் உண்டு. ஒவ்வோர் உறுப்பும் ஒரு கேள்விக்கு விடை. முன்பு சலிப்போடு தட்டிய அரைக்கோளமே அவ்விடைகளுக்கெல்லாம் இருப்பிடமாயிற்று எனலாம். நான்கே ஆண்டுகளில், 1928இல், பிராண்ட் அப்பட்டறையின் பொறுப்புத் தலைவர் ஆனார்.

ஆனால் கெண்டி ஆலைக்குப் போகவில்லை. அதனைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. இக்குறையை வில்ஹெல்ம் வாகன்பெல்டு என்னும் மற்றொரு மாணவர் நேரில் உணர்ந்தார். 1924இல் அவர் கண்ணாடியும் உலோகமும் கொண்ட மேசை விளக்கு ஒன்றைச் செய்து, லைப்சிக் சந்தைக்குக் கொண்டு சென்றார். வணிகரும் ஆலையாளரும் நகைத்தனர். எந்திரத்தில் செய்த மலிவுப் பொருள் போலத் தோன்றியது விளக்கு. விலையோ கைவேலைக்கு உரிய உயர்ந்த விலை! அவர்கள் குறைகூறியது நியாயமே என்று வாகன்பெல்டு பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்நகைப்பு அவரைத் தளர்த்தவில்லை. ஆலைக்குள் அழைத்துச் சென்றது. பின்னாளில் அவர் கண்ணாடித் தொழிற்சாலைகளில் பணியாற்றினார். யேனா நகர ஆலைக்காக 1931இல் அவர் வடிவமைத்த வெப்பந்தாங்கும் கண்ணாடித் தேநீர்க் கலங்களும், 1938இல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடிப் பெட்டிகளும் வீட்டுப் புழக்கத்துக்கு வந்தன. பள்ளியும் இதே பாடத்தைக் கற்றது. 1925இல் டெசாவு நகருக்குக் குடிபெயர்ந்தபின் அது ஆலைகளோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பிராண்டும் உடன் பயின்றோரும் வடிவமைத்த கேண்டம் விளக்குகளை லைப்சிக் ஆலை பெருமளவில் செய்து விற்றது. 1933இல் நாசிகளின் நெருக்குதலால் பாகவுஸ் மூடப்பட்டது. ஆசிரியர் பலர் நாடு கடந்தனர். அவர்களோடு கல்விமுறையும் கடல் கடந்தது.

உல்ம் நகரின் அடுக்குப் பாத்திரம்

நாசிகளை எதிர்த்ததற்காக 1943இல் கொலைத்தண்டனை பெற்ற ஹான்ஸ், சோபி ஷோல் என்னும் உடன்பிறப்புகளின் நினைவை முன்னிறுத்தி, அவர்கள் தமக்கை இங்கே ஷோல், ஓட்டல் ஐக்கர், பாகவுசின் பழைய மாணவர் மாக்ஸ் பில் ஆகியோர் உல்ம் நகரில் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றை உருவாக்கினர். 1953இல் பாடம் தொடங்கிற்று. அழிந்த நாட்டில் நேர்மையான பொருள்கள் நேர்மையான வாழ்வுக்குத் துணை செய்யும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அங்கே ஹான்ஸ் ரோரிக்ட் என்னும் மாணவர் 1959இல் தம் பட்டத்துக்குரிய பணியாக எடுத்துக்கொண்டது விடுதிகளுக்கான உணவுக்கலத் தொகுதி. தட்டும் கிண்ணமும் குவளையும் பழமையான பொருள்கள். புதிதாக என்ன செய்ய முடியும்? அவர் அழகிலிருந்து தொடங்கவில்லை. விடுதிச் சமையலறையின் தேவையிலிருந்து தொடங்கினார். நூற்றுக்கணக்கான கலங்கள் கழுவப்படுகின்றன, அடுக்கப்படுகின்றன, சுமக்கப்படுகின்றன. இடம் குறைவு, உடைவு மிகுதி. எனவே வெவ்வேறு கலங்களுக்கும் பொதுவான அளவுகளை வகுத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் அமரும்படி செய்தார். பீங்கான் சூளையில் சுருங்கும் தன்மையுடையது. அளவு சிறிது பிசகினாலும் அடுக்கு நில்லாது. ஆகவே ஆலையின் இயல்பை அறியாமல் இவ்வடிவத்தை வரையவே இயலாது. மாணவரின் இப்பணி ஆலை ஏற்கும் தகுதி பெற்றது. ரோசந்தால் நிறுவனத்தின் தாமஸ் ஆலை அதனைப் பல்லாண்டு செய்து விற்றது.

மாஸ்கோ கையின் ஒழுங்கைத் தந்தது. நேஸ் முழுமையைத் தந்தது. பாகவுஸ் மாணவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. உல்ம், பயன்படுத்துவோரையும் ஆலையையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிற்று. 1968இல் அரசாங்கத்தின் பண உதவி நின்று கல்லூரி மூடப்பட்டாலும் அதன் முறை மறையவில்லை.

செம்பு சொல்லும் பாடம்

அம்முறை இந்தியாவுக்கும் வந்தது. உல்மில் பயின்று 1966இல் பட்டம் பெற்ற சுதாகர் நட்கர்ணி, 1969இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்பு மையம் உருவாக முன்னின்றார். அதற்குமுன்பே, இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்சும் அவர் மனைவி ரே ஈம்சும் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற அவ்வறிக்கை வழிகோலியது.

அவ்வறிக்கையில் அவர்கள் மிகவும் போற்றிய பொருள் தாஜ்மகால் அன்று. நம் வீடுகளில் உள்ள செம்பு! ஒரு செம்பை இன்று புதிதாக வடிவமைப்பதானால் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் அடுக்கிக் கேட்டனர். எவ்வளவு நீர் கொள்ளும்? தலையிலும் இடுப்பிலும் கையிலும் எவ்வாறு அமரும்? நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எடை எப்படி நிற்கும்? ஊற்றுவது எளிதா? கழுவுவது எளிதா? விலை என்ன? தேய்ந்தபின் அவ்வுலோகம் என்ன விலை பெறும்? இத்தனை கேள்விகளுக்கும் விடையளிக்கும் செம்பைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை. பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

சிறு பொருளைக் கொண்டு கற்பிப்பதன் உண்மைக் காரணம் இங்கே விளங்குகிறது. பொருள் சிறிதாக இருப்பது வேலையை எளிதாக்குவதற்காக அன்று. தலைமுறைகள் நடந்த பாதையை ஒரு மாணவன் சில வாரங்களில் நடந்து பார்க்க வேண்டும். தவறினால் திரும்பி வந்து மீண்டும் நடக்க வேண்டும். பெரிய எந்திரத்தையோ வீட்டையோ எடுத்துக்கொண்டால் ஒருமுறை முடிப்பதற்கே காலமும் பொருளும் தீர்ந்துவிடும். பிழை தெரியும்போது திருத்த வழியிராது. சிறு பொருளிலோ பிழை மலிவானது. மலிவான பிழையே சிறந்த ஆசான்.

வகுப்பறைக்கு வரும் வழி

மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் பழைய வாழ்வியல் திறன் பாடத்தின் இடத்தைப் பெறத் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் இதனைப் பயின்றுள்ளனர். ஆகவே மேற்கண்ட வரலாறு நம் ஆசிரியர்க்கு அயலான செய்தி அன்று.

எடுத்துக்காட்டாக, மேசைமேல் புத்தகத்தை நிறுத்தி வைத்துப் படிக்க ஒரு தாங்கி வேண்டும் எனக் கொள்வோம். மாணவர் முதலில் தாளில் வரையலாகாது. புத்தகத்தைக் கையில் எடுத்து அளக்க வேண்டும். அதன் எடை என்ன, எந்தச் சாய்வில் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, பக்கம் புரட்டும்போது எப்பக்கம் சரிகிறது என உற்றுநோக்க வேண்டும். பின்னர் ஒன்றுக்கு மூன்று வரைவுகள். அவற்றுள் ஒன்றுக்குப் பழைய அட்டையில் மாதிரி. அம்மாதிரியைச் செய்தவனே சோதிக்கலாகாது. தம்பி தங்கையர் கையில் கொடுத்துப் பேசாமல் பார்த்திருக்க வேண்டும். முதல் தாங்கி பெரும்பாலும் சரியும். ஏன் சரிந்தது என்று மாணவன் தானே கண்டு சொல்லும் கணத்தில்தான் பாடம் தொடங்குகிறது. இரண்டாம் மாதிரியும் மூன்றாம் மாதிரியும் முடிந்தபின் கடைசிக் கேள்வி: இதுபோல் நூறு செய்ய வேண்டுமானால் எதை மாற்றுவாய்? லைப்சிக் சந்தையில் வாகன்பெல்டு கேட்ட நகைப்பு இக்கேள்விக்குள் அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் ஆசிரியர் விலக்க வேண்டிய இடையூறு ஒன்று உண்டு. பள்ளிக் கண்காட்சிக்கு அழகான பொருள் வேண்டும் என்னும் ஆவலில், பெற்றோர் கையும் ஆசிரியர் கையும் பிள்ளையின் வேலையில் புகுந்துவிடுகின்றன. பொருள் மின்னுகிறது, கல்வி மங்குகிறது. நேஸ் பண்ணையில் சாலமன் மாணவன் பொருளில் ஆசிரியர் கை படலாகாது என்றது இதற்காகவே. சரிந்த இரண்டு அட்டைத் தாங்கிகளையும் நிமிர்ந்து நின்ற மூன்றாவதையும் பக்கத்தில் பக்கமாக வைத்தால், அதுவே சிறந்த கண்காட்சி.

எண்ணுபவர் ஒரு வகுப்பினர், செய்பவர் மற்றொரு வகுப்பினர் என்னும் பிரிவு உழைக்கும் மக்களின் பிள்ளைகளை நீண்டகாலம் தாழ்த்தி வைத்தது. சொன்னதைச் செய்யும் கைகளாக மட்டும் அவர்கள் வளர்க்கப்பட்டனர். ஓர் அட்டைத் தாங்கியை எண்ணி, செய்து, சோதித்து, திருத்திய பிள்ளை அப்பிரிவைத் தன் மேசைமேல் கடந்துவிடுகிறான். நாளை அவன் எத்தொழிலுக்குச் சென்றாலும், இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு விதமாக இருக்கலாகாதா என்று கேட்கும் பழக்கம் அவனோடு செல்லும். அப்பழக்கத்தைக் கொடுக்கப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. சிறிது அட்டையும், கத்தரிக்கோலும், மூன்றாம் முறை செய்து பார்க்க நேரம் ஒதுக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.